கல்லுக்கு எது இடது தொடை?

டோலினா கில்லாண்டர்ஸ் தன் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் அவர்களுடைய காலணியைத்தான் பார்ப்பாள். ஒட்டியிருக்கும் சேறு கறுப்பாக இருந்தால் சதுப்பு வழியாக வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இவர்களுக்கு என்ன வேலை? சேறே இல்லாவிட்டால் இன்னும் மோசம். பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு, தடம் தெரியாமல் புல்மேலேயே நடந்து வந்தவர்கள். "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பாள். வந்த காரணத்தைச் சொன்னால், "அது சரி, நிஜமா எதுக்கு வந்தீங்க?" என்பாள்.

அவள், நான், டார்க்கில் மக்காஸ்கில் மூன்று பேரும் பாலத்தடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அப்போதே மதியச் சாப்பாட்டில் சூப்பைக் கொடுத்தால் ஸ்பூனால் அடிவரை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நாங்கள் சிரிப்போம். ஒருநாள் அடியில் சமையல்காரம்மாவின் சட்டைப் பொத்தான் கிடைத்தது. அவளைத் திருத்தும் வாய்ப்பு எங்களுக்கு அன்றோடு போயிற்று.

வளர்ந்து தார்ரக் எஸ்டேட்டின் மேல்மலை ஆடுகளுக்கு மேய்ப்பர் ஆனாள். நாய் வாங்கப் போனால் விற்பவன் காட்டும் வித்தையைப் பார்க்க மாட்டாள். மறுநாள் வேலியோரப் பெரணிப் புதருக்குள் படுத்துக்கொண்டு, சொந்தக்காரன் இல்லாத நேரத்தில் அந்த நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பாள். அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் மிர்க் என்ற கறுப்பு நாய். இந்தப் பள்ளத்தாக்கில் அதைவிட நல்ல நாய் இல்லை என்று டார்க்கிலே ஒத்துக்கொள்வான், குடித்திருந்தால்.

கல்யாணமும் செய்துகொண்டாள். புருஷன் நீல், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. வீட்டுக்கு வரும்போது அவன்மேல் எண்ணெய் வாடை குறைந்துகொண்டே வந்தது. டோலினா ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அவன் பின்னாலேயே அபர்டீன்வரை பஸ்ஸில் போனாள். அங்கே ஒரு பெண் இருப்பாள் என்று நினைத்துத்தான் போனாள். இருந்தது ஒரு பேக்கரி. நீல் மேடை வேலையை விட்டு வெகுநாளாகியிருந்தது. கடலும் பிடிக்கவில்லை, ஆடும் பிடிக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்லத் தைரியமில்லாமல் பன் சுட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாவு பூசிய முகத்தோடு அவன் பாட்டுப் பாடியதை அவள் அதற்குமுன் கேட்டதே இல்லையாம். சண்டை போடாமல் பிரிந்தார்கள். இப்போதும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு பழக்கேக் அனுப்புகிறான். முதல் துண்டை மிர்க்குக்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அவள் சாப்பிடுவாள்.

டோலினாவின் சந்தேகத்தில் பாதி எப்போதும் சரியாக இருக்கும். எந்தப் பாதி என்பதில்தான் ஊருக்கும் அவளுக்கும் தகராறு.

மேல்மலைக்கு வண்டி போகாது. பாலம்வரைதான் ரோடு. ஒற்றையாள் மட்டும் நடக்கும் தொங்குபாலம், ஆடு அதில் கால் வைக்காது. அப்புறம் ஊராக் ஆற்றைக் கடந்து சரிவில் ஏறினால், பென் ஊராக் மலையின் மடியில் பழைய கட்டடங்கள் இருக்கின்றன. கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு இல்லாமல் கட்டிய பெரிய பட்டி. அதற்குள் சின்னச் சின்ன அறைகளாக உள்பட்டிகள். ஒரு பக்கம் கம்பளி வைக்கும் கொட்டகை. இன்னொரு பக்கம் தார்வீடு. ஒரு காலத்தில் குளிரும் உண்ணியும் தாங்குவதற்காக ஆட்டின் தோலில் தாரும் வெண்ணெயும் கலந்து பூசுவார்களே, அதற்கான வீடு. சன்னல் கிடையாது. அதன் கல்லெல்லாம் எண்ணெய் ஊறிக் கருத்திருக்கும், வெயில் நாளில் இன்றைக்கும் லேசாகத் தார் வாடை வரும். கொஞ்சம் தள்ளி டோலினாவின் வீடு. வேலையோடு வந்த வீடு. மலையில் ஆடு இருக்கும்வரைதான் மேய்ப்பர், மேய்ப்பராக இருக்கும்வரைதான் வீடு.

இந்தக் கட்டடங்களுக்கு வருஷத்தில் சில நாள்தான் உயிர் வரும். மற்ற நாளில் காஞ்சொறிச் செடியும் முயலும்தான். தெரியாதவர்கள் பார்த்தால் பாழடைந்து கிடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

எங்கள் மலைமேல் வேலி கிடையாது. எந்த ஆடு யாருடையது என்பதை நிறமும் இடமும் சொல்லும். வலது தோளில் சிவப்பு என்றால் தார்ரக் எஸ்டேட். இடது தொடையில் நீலம் என்றால் அடுத்த பண்ணையான கார்வன், அதாவது டார்க்கில். ஒருவர் குறிமேல் இன்னொருவர் குறி வைப்பதைவிடப் பெரிய கேவலம் இந்தப் பக்கம் எதுவுமில்லை. அப்படிச் செய்ததாகப் பேர் வாங்கிய ஒருவனின் பேரப்பிள்ளைகளை இன்றும் சந்தையில் 'சாயக்காரன் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். இதிலேயே பிறந்து வளர்ந்ததால் நிறம் என்றாலே எங்களுக்கு ஆள் ஞாபகம்தான் வரும். நீலச் சட்டை போட்டு யார் நடந்து போனாலும் டார்க்கிலின் ஆடு தப்பித்துவிட்டது என்று யாராவது ஜோக் அடிப்பார்கள்.

அதனால்தான் ஜூலையில் ஒருநாள் பட்டிச் சுவரின் பெரிய பெரிய கற்களில் நீலப் பொட்டுகளைப் பார்த்தபோது டோலினாவுக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரே இடம். இடது ஓரம்.

நேராக மலையிறங்கி கார்வன் பண்ணைக்குப் போனாள். சந்தை நிலவரம் கேட்பதற்காக நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வட்டார வார இதழுக்கு அதை எழுதுவது நான்தான்.

"டார்க்கில்! வெளிய வா!"

"கதவு தொறந்துதானே இருக்கு, உள்ள வாயேன். டீ சூடா இருக்கு."

"உன் டீயை நீயே குடி. என் பட்டிக் கல்லுல உன் குறி எப்படி வந்துச்சு?"

"என்னது?"

"நீலம். பெரிய கல்லு ஒண்ணு விடாம. இடது பக்கத்துல."

டார்க்கில் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "கல்லுல."

"கல்லுல."

"இடது தொடையில."

"கிண்டல் பண்ணாத."

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். கல்லுக்கு எது தலை, எது வால்? எது இடது தொடை? இத்தன வருஷமா ஆடு வளக்கறேன், இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரல."

"உனக்கு ஆட்டுலயே எது இடதுன்னு தெரியாது. அதான் முந்தின வருஷம் உன் கடா காலத்துக்கு முன்னாடியே என் மலைல வந்து நின்னுச்சு. என் ஆடெல்லாம் பனியில குட்டி போட்டுச்சு."

"அந்தக் கடாவை இழுக்காத, டோலினா. அது இருந்த பட்டிக் கேட்டைத் தொறந்தது உங்க பக்கத்துக் கை."

"கைரேகை எடுத்து வச்சிருக்கியா?"

"நீ கல்லுக்குத் தொடை பாத்து வச்சிருக்கியே, அது மாதிரிதான்."

"புதுசா கொட்டில் கட்டப்போறேன்னு சந்தையெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே. கல்லு எங்கேருந்து வரும்னு நான் அப்பவே நெனச்சேன்."

"தகரத்துல கட்டறேன், பொம்பள! தகரம்! போயி எட்டிப் பாரு, பின்னாடி அடுக்கி வச்சிருக்கேன்!"

அவள் போய்ப் பார்த்தாள். தகரம் இருந்தது. திரும்பி வந்து, "அதுக்கு அஸ்திவாரம் வேணுமில்ல?" என்றாள். "சத்தியமாச் சொல்றேன், அது உன் குறிதான். எந்த ஊர்ப் பஞ்சாயத்துலயும் சொல்லுவேன்."

டார்க்கிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி. அப்ப திரட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்க."

இது சின்ன வார்த்தை இல்லை. திரட்டு என்பது ஆகஸ்ட் கடைசியில் மலையில் பரவிக் கிடக்கும் ஆட்டையெல்லாம் ஒரே நாளில் பட்டிக்கு இறக்குவது. ஒரு பண்ணையின் ஆளும் நாயும் அதற்குப் போதாது. சுற்று வட்டாரம் முழுக்க ஒருவருக்கொருவர் போவது வழக்கம். மேற்குச் சரிவு பாறை நிறைந்த இடம். அதில் ஏறி ஆட்டைக் கிளப்ப டார்க்கிலின் நாய்களால் மட்டும்தான் முடியும். டோலினா திரும்பி நடந்தாள். போகும்போது அவன் காலணியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் பள்ளத்தாக்கே இரண்டாகப் பிரிந்தது. கடைக்காரி வில்மா, டார்க்கில் அப்படிப்பட்டவன் இல்லை என்றாள்; ஆனால் அவன் நீலச்சாயம் எவ்வளவு வாங்கினான் என்று கேட்டபோது உதட்டைப் பிதுக்கினாள். டார்க்கில் பக்கத்து ஆட்கள், டோலினாவே பொட்டு வைத்துவிட்டு அவன்மேல் பழி போடுகிறாள் என்றார்கள். கடா விஷயத்துக்குப் பழிவாங்கல் என்று டார்க்கிலே நம்ப ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக வந்து, "அவ என்ன சொன்னா?", "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்கள். நான் இரண்டு பேரிடமும் ஆட்டு விலையைச் சொன்னேன்.

அடுத்து நடந்ததை இரண்டு பேர் வாயாலும் கேட்டிருக்கிறேன். விவரம் அநேகமாக ஒத்துப்போகிறது.

ஒரு மத்தியானம், பொட்டு வைக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து டோலினா தார்வீட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். கதவோரத்து இடுக்கு வழியாகப் பார்த்தால் பட்டி முழுக்கத் தெரியும். உள்ளே கண் பழகக் கொஞ்ச நேரமானது. பழகிய பிறகு எதிர்மூலையில் ஒரு மூச்சு கேட்டது. ஆடு மாட்டிக்கொண்டதோ என்று நினைத்தாள். ஆடு தும்மியது. அப்புறம், "ச்சே" என்றது.

"டார்க்கில்?"

"நீயா?"

"இங்க என்ன பண்ற?"

"நீ பொட்டு வைக்கறதைப் பாக்க வந்தேன். நீ என்ன பண்ற?"

"நீ வைக்கறதைப் பாக்கத்தான்."

"சரி. இப்ப ரெண்டு பேரும் இங்க இருக்கோம். யாரு வைக்கறா?"

"அதான் எனக்கும் புரியல. உன் தம்பியை விட்டிருப்ப."

"என் தம்பி ஆஸ்திரேலியாவுல இருக்கான்."

"அப்படித்தான் நீ சொல்ற."

டார்க்கில் விரலை நனைத்து, கதவோரத்துக் கல்லில் இருந்த ஒரு பொட்டைத் தேய்த்தான். "பாரு. ஆட்டுச்சாயமா இருந்தா ஈர விரலுக்கு ஒட்டும். இது ஒட்டல. இது சுவத்துக்குப் பீச்சற பெயின்டு."

"உன்கிட்ட பெயின்டு இல்லையா?"

அவன் பதில் சொல்வதற்குள் கீழே ஆற்றைத் தாண்டி ஒரு ஆள் அளவுநாடாவும் கையுமாக ஏறி வருவது தெரிந்தது. தோளில் நீலப் பெயின்டு டப்பா தொங்கிய பை. பட்டிக்குள் நுழைந்து ஒரு கல்லை அளந்து, தட்டிப் பார்த்து, இடது ஓரத்தில் பீச்சினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து அந்தச் சின்ன வாசல் வழியாக வெளியே வரப் பார்த்துத் தோளோடு தோள் மோதி நின்றார்கள்.

வந்தவன் டஃப் என்ற கொத்தனார், தெற்கிலிருந்து வந்தவன். இருட்டிலிருந்து தலைமயிரில் ஒட்டடையோடு வந்த இரண்டு பேரையும் பார்த்தான். தொப்பியைத் தொட்டு, "மன்னிச்சுக்கங்க. தொந்தரவு பண்ணிட்டேனா? யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றான்.

டார்க்கிலின் காது சிவந்தது. டோலினாவுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. "யாரு சொன்னா?"

"பென்ரோஸ் சார். எஸ்டேட் மேனேஜர். ரொம்ப வருஷமா ஆடே ஏறாத எடம்னாரு. நல்ல கல்லும்மா, இப்பல்லாம் இந்த மாதிரிக் கெடைக்காது. நீலம் போட்டதெல்லாம் கீழ கட்டற விருந்தாளி பங்களாவோட முகப்புக்கு. மிச்சத்தைக் கார் நிறுத்தற எடத்துக்கு அடியில கொட்டிருவோம்."

கொத்தனார் போனபிறகு இரண்டு பேரும் பட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பொடிக்கொசு மொய்த்தது. டோலினா அதை விரட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீலம்னா உன் ஞாபகம்தான் வரும். யாருக்கும் வரும்."

"இதை மன்னிப்புன்னு எடுத்துக்கறேன்."

"எடுத்துக்காத."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். பென்ரோஸ் மோசமான ஆள் இல்லை. போன குளிர்காலத்தில் ரோட்டோரமாக இரும்புக்கம்பியில் புதுப்பட்டி கட்டியது அவர்தான். லாரி நேராக வந்து நிற்கும்படி கட்டியிருந்தார். அவர் மலையேறி வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் குளிர்காலத்தில். காஞ்சொறியையும் முயலையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"இந்த வருஷத்துலேர்ந்து திரட்டு கீழதான், மிஸஸ் கில்லாண்டர்ஸ். மேல இருக்கற பழசு இனி வேண்டாம்."

"நடுவுல ஆறு இருக்கு."

"ஆட்டுக்கு நீந்தத் தெரியாதா?"

"ஆட்டுக்குத் தெரியும். குட்டிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? மழை நாள்ல அங்க வந்து நில்லுங்க, பாக்கலாம்."

பென்ரோஸ் பேனாவை மூடினார். "அப்படிக் கஷ்டம்னா, மேல்மலைல ஆடே வேண்டாம்கறது முதலாளியோட எண்ணம். அந்த வீட்டையும் விருந்தாளிகளுக்கு விடலாம்னு ஒரு பேச்சு. உங்களுக்குக் கீழ வேற ஏதாவது பாத்துத் தரலாம். இன்னும் முடிவு பண்ணல."

"அப்ப பண்ணிட்டீங்க."

"கவுன்சில்லேர்ந்து பழைய கட்டடங்களைப் பாக்கற அம்மா ஒருத்தங்க வராங்க. திரட்டுக்கு மறுநாள். அவங்க கைவிட்ட எடம்தான்னு சொல்லிட்டா, கல்லை எடுக்க ஆரம்பிச்சிருவோம்."

வெளியே வந்ததும் டோலினா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மறுநாளா சொன்னாரு? முந்தின நாள் இல்லையே?"

திரட்டு நாள் விடியும் முன்னாலிருந்தே மழை. விடிந்ததும் நின்றுவிட்டது, ஆனால் மலை முழுக்க ஓடைகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. ஆள் பற்றாக்குறை என்று என்னையும் ஒரு இடைவெளியில் கையில் சாக்கைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஆடு வந்தால் சாக்கை உதற வேண்டும், கத்த வேண்டும், அவ்வளவுதான். டார்க்கில் வந்திருந்தான். நாய்களோடு மேற்குச் சரிவில் ஏறினான்.

மத்தியானத்துக்குள் மலையே சரிந்து வருவதுபோல் ஆடு இறங்கியது. குட்டிகளின் சத்தத்தில் விசில்கூடக் கேட்கவில்லை. ஆற்றங்கரைக்கு வந்து மொத்தமாக நின்றது. எதிர்க்கரையில், தூரத்தில், புதுப்பட்டிக்குப் பக்கத்தில் பென்ரோஸ் மழைக்கோட்டோடு நின்று கையை ஆட்டினார்.

டோலினா ஆற்றைப் பார்த்தாள். பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கைத்தடியை மேலே, பழைய பட்டியைப் பார்த்துக் காட்டினாள்.

"கடந்துரலாம் போலருக்கே" என்றான் டார்க்கில்.

"உன் கண்ணுக்கு."

"போன வருஷம் இதைவிட அதிகமா ஓடறப்ப என் ஆட்டை ஓட்டிட்டு வந்தேன்."

"திரட்டுல எத்தன வாய்?"

திரட்டு நாளில் அந்த மலையின் மேய்ப்பர் சொல்வதுதான் சொல். முதலாளியே வந்து நின்றாலும் பேசக்கூடாது. "ஒண்ணு" என்றான் டார்க்கில்.

"அப்ப மூடு."

ஆடெல்லாம் பழைய பட்டிக்குள் போயிற்று. இதன் பிறகு தாயையும் குட்டியையும் பிரிக்க வேண்டும், கிழடுகளை ஒதுக்க வேண்டும், மற்றவர்களின் ஆடு கலந்திருந்தால் அதற்கென்று இருக்கும் மூலைப்பட்டியில் விட வேண்டும். எல்லாம் முடிந்து, மயிர் காய்ந்தபிறகு, வெளியே விடும் வாசலில் நின்று கடைசியாகத்தான் குறி போடுவது. எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஈர ஆட்டில் சாயம் நிற்காது.

டோலினா உள்வாசலில் நின்று சிவப்புச்சாய டப்பாவைத் திறந்தாள்.

எல்லோரும் கையில் இருந்ததை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"டோலினா" என்றான் டார்க்கில். "ஈரம்."

"கண்ணு தெரியுது."

"ஒட்டாது. ஒழுகும்."

"ஒழுகும்னா ஒழுகட்டும்."

டப்பாவில் தண்ணீர் வேறு கலந்திருந்தாள் என்று கிட்ட நின்றவர்கள் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. உள்ளே போன ஒவ்வொரு ஆட்டின் வலது தோளிலும் சிவப்பு. போன ஆடெல்லாம் சுவரோரம் நெருக்கியடித்துச் சுற்றிச் சுற்றி ஓடியது. நாய் குரைத்தால் இந்தப் பக்கம், ஆள் கத்தினால் அந்தப் பக்கம். சாயங்காலம் ஆட்டைப் பிரித்து முடித்தபோது பட்டிச் சுவர் இடுப்பு உயரத்துக்குச் சிவந்திருந்தது. எங்கள் கால்சட்டை, நாய்கள், டார்க்கிலின் தாடி எல்லாம் சிவப்பு. நீலப் பொட்டு எங்கே இருந்தது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

"அடுத்தவன் குறிமேல குறி வச்சுட்டியே" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சிரிப்பு எழவில்லை.

டோலினா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "என் கை எந்தக் கல்லையாவது தொட்டுச்சா? பாத்தவங்க சொல்லுங்க." யாரும் சொல்லவில்லை. தொடவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் கவுன்சில் அம்மா வந்தாள். மிஸ் க்ரேயர், ஒல்லியான பெண், நல்ல பூட்ஸ், கறுப்புச் சேறு. டோலினா அதைக் கவனித்தாள். பாதையை விட்டுவிட்டு சதுப்பு வழியாகவே வந்திருக்கிறாள். கூடவே பென்ரோஸ். தாயைப் பிரிந்த குட்டிகளை இரவு பட்டியிலேயே வைத்திருந்ததால் அவை கத்திய கத்தலில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்ல முடியவில்லை.

மிஸ் க்ரேயர் சுவரில் கை வைத்தாள். எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. "ஆடே வராத எடம்னு சொன்னீங்களே?" என்று பென்ரோஸிடம் கேட்டாள்.

"நேத்து மட்டும்தான்… ஆறு பெருகினதால…"

"வருஷா வருஷம்" என்றாள் டோலினா.

அந்தப் பெண் இரண்டு பேரையும் நம்பியதாகத் தெரியவில்லை. நகத்தால் கல்லிடுக்கைச் சுரண்டினாள். புதுச் சிவப்புக்கு அடியில் மங்கிய சிவப்பு இருந்தது. இன்னும் சுரண்டினாள். அதற்கடியில் துருப்பிடித்தாற்போல் இன்னும் பழசு. இடுக்கிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கம்பளி வந்தது, மேலே வெள்ளை, உள்ளே சாம்பல். தார்வீட்டுக்குள் போய் வெகுநேரம் நின்றுவிட்டு, மோந்து பார்த்துவிட்டு வந்தாள்.

பென்ரோஸ் டார்க்கிலைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஈரமா இருக்கறப்ப குறி போடறதுதான் உங்க வழக்கமா?"

டார்க்கில் தாடியில் ஒட்டியிருந்த சிவப்பைச் சொறிந்தான். "டோலினா எப்படிப் போடறாளோ, அதான் சார் வழக்கம்."

குளிர்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. பட்டி, கொட்டகை, தார்வீடு எதையும் தொடக்கூடாது. வேலை நடக்கும் கட்டடங்கள். ஆடு மலையில் இருக்கும். மேய்ப்பர் இருப்பார். வீடும் அவளுக்கே. விருந்தாளி பங்களாவுக்கு டஃப் வேறெங்கிருந்தோ கல் கொண்டுவந்தான். டோலினா ஆபீசுக்குப் போனால் பென்ரோஸ் இப்போது அவள் காலணியைப் பார்க்கிறார்.

டோலினாவுக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. "அந்த க்ரேயர் ஏன் நமக்கு ஒத்தாசை பண்ணினா?" என்று கடையில் வைத்துக் கேட்டாள். "அவளுக்கு இதுல என்ன கெடைக்குது?" பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று கவுன்சில்காரர்கள் பட்டிச் சுவரில் வந்து மாட்டிய தகட்டின் திருகாணி ஒவ்வொன்றையும் கழற்றி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

ஈரத்தில் ஏன் குறி போட்டாய் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அந்த ஆட்டுக்கெல்லாம் அடுத்த வாரம் காய்ந்த நாளில் அவள் தனியாக மறுபடி குறி போட வேண்டியிருந்தது.

"மறந்துட்டேன்."

"நீயா?"

"பேப்பர்ல போடவா கேக்கற?"

"இல்ல."

"அது சரி, நிஜமா எதுக்குக் கேக்கற?"

அடுத்த வருஷத் திரட்டு அமைதியாக முடிந்தது. ஆறு வற்றியிருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் மூலைப்பட்டியில் ஒதுங்கிய பிறத்தியார் ஆடுகளைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். கேட்பவர் குறியைச் சொல்ல வேண்டும், ஒரு சாட்சி சொல்ல வேண்டும், மேய்ப்பர் கொடுத்துவிட வேண்டும். டார்க்கிலின் முறை வந்தது. மூலைப்பட்டியில் அவன் ஆடு ஒன்றுகூட இல்லை. அவன் நேராகத் தார்வீட்டு வாசலுக்குப் போனான். கதவு நிலையாக நின்ற பெரிய கல்லில், ஆட்டின் முதுகு எட்டாத உயரத்தில், ஒரு நீலப் பொட்டு அப்படியே இருந்தது.

"என்னோடது" என்றான்.

கூட்டம் திரும்பியது. டோலினாவுக்கு முறைப்படி கேட்காமல் இருக்க முடியவில்லை. "குறி என்ன?"

"நீலம். இடது தொடை."

"சாட்சி யாரு?"

"நீதான். என் வீட்டு முற்றத்துல நின்னு, எந்தப் பஞ்சாயத்துலயும் சொல்லுவேன்னு சத்தியம் பண்ணின." என்னைக் காட்டினான். "இவன் உக்காந்திருந்தான்."

நான் தலையாட்டினேன். வேறு வழியில்லை.

டோலினா கல்லைப் பார்த்தாள். டார்க்கிலைப் பார்த்தாள். அதில் என்ன சூது இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. "தூக்கிட்டுப் போ" என்றாள்.

டார்க்கில் குனிந்து கல்லைக் கட்டிப் பிடித்து ஒரு தடவை முனகினான். மேல்கல்லையே தாங்கி நிற்கும் கல் அது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "இந்த வருஷம் இங்கயே மேயட்டும்."

"அதுக்கு நான் ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறியா?"

"யோசிக்கணும்."

அதிலிருந்து அவன் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை மலையேறி வருகிறான், கல் எப்படியிருக்கிறது என்று பார்க்க. மழையிலும் வருகிறான். போன வாரம் அவன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். டோலினா சன்னல் வழியாகவே அவன் காலணியைப் பார்த்தாள். சேறே இல்லை. புல்மேலேயே நடந்து வந்திருக்கிறான்.

"பாத்தியா?" என்றாள் என்னிடம், அடுப்பில் கெட்டிலை வைத்துக்கொண்டே. "கல்லைப் பாக்க வரானாம். யாராவது கல்லைப் பாக்கத் தலையை வாரிக்கிட்டு வருவாங்களா? என்னவோ மறைக்கறான். என்னன்னு கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரே வகுப்பில் படித்த மூன்றாவது ஆளுக்கு அதற்கு மேல் அங்கே வேலையில்லை.